முகட்டறையில் ஒளிந்திருந்த பயிற்றுவிப்பாளர்



உலகக் கிண்ணம் நடக்கும் மாதங்களில் நம் கல்முனைக் கரையோரத் தெருக்களில் பிரேசிலின் கொடியும் ஆர்ஜன்டீனாவின் கொடியும் ஏறிவிடும். பிரேசில் முதன்முதலாக உலகக் கிண்ணத்தை வென்றது 1958இல், சுவீடனில். அந்த அணியை வழிநடத்தியவர் விசென்டே ஃபியோலா. அதற்கு முந்தைய ஆண்டு சாவோ பாவுலோ கழகத்தில் அவரோடு வேலை பார்த்து, பின்வரிசையில் நால்வர், நடுவில் இருவர், முன்வரிசையில் நால்வர் என்ற 4-2-4 அமைப்பை அங்கே பரப்பியவர்களில் ஒருவராக இருந்தவர் ஹங்கேரியிலிருந்து வந்த ஒரு பயிற்றுவிப்பாளர். அவர் பெயர் பேலா குட்மன். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு சிகை அலங்காரக் கடையின் முகட்டறையில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்திருந்தார் அவர். யூதராகப் பிறந்ததே அவர் செய்த குற்றம்.

யூதர் ஒருவரைப் பற்றி இந்த மேடையில் ஏன் பேச வேண்டும் என்று அழைப்பிதழைப் பார்த்த சிலர் என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. காஸாவின் பிள்ளைகளுக்காக ஜும்ஆவுக்குப் பிறகு கையேந்தும் ஊர் இது; அந்தக் கைகளில் என்னுடையவையும் இருக்கின்றன. அந்த வேதனையில் ஒரு துளியைக்கூடக் குறைத்து வைத்துவிட்டு நான் இங்கே வரவில்லை. ஆனால் குட்மனின் குடும்பத்தை அழித்தவர்கள் அவர்களில் எவரிடமும் நீ என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. எந்த வீட்டில் பிறந்தாய் என்று மட்டும் கேட்டார்கள். 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுத்தாக்குதல்களுக்குப் பிறகு அடையாள அட்டையில் உள்ள பெயரை மட்டும் வைத்து நம்மை அளந்த பார்வைகளை நாம் இன்னும் மறக்கவில்லை. பிறப்பை வைத்து மனிதனை அளப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிந்துகொள்ள நமக்கு உரிமை மட்டுமல்ல, தேவையும் இருக்கிறது.

குட்மனின் பெயரை அறிந்தவர்களும் அவரை ஒரு சாபத்தோடு சேர்த்தே அறிந்திருக்கிறார்கள். போர்த்துகலின் பென்ஃபிகா கழகத்துக்கு 1961இலும் 1962இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்று கொடுத்தார், கூடுதல் பணம் கேட்டார், நிர்வாகம் மறுத்தது, இனி நூறு ஆண்டுகளுக்கு நீங்கள் ஐரோப்பியச் சம்பியன் ஆக மாட்டீர்கள் என்று சொல்லிவிட்டு வெளியேறினார் என்பது கதை. அதன் பிறகு 1963, 1965, 1968, 1983, 1988, 1990, 2013, 2014 என்று எட்டு ஐரோப்பிய இறுதிப் போட்டிகளில் பென்ஃபிகா தோற்றது உண்மை. அந்தச் சொற்களை அவர் அப்படியே சொன்னாரா என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. ஆனாலும் உலகம் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு, அந்த மனிதன் ஏன் அவ்வளவு உறுதியாகக் கூலி கேட்டான் என்ற கேள்வியை விட்டுவிட்டது. அந்தக் கேள்வியைத்தான் இன்று நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

புடாபெஸ்டில் 1899இல் பிறந்தவர் குட்மன். தாயும் தகப்பனும் நடனம் கற்றுக்கொடுப்பவர்கள். பதினாறு வயதில் மகனும் நடன ஆசிரியராகத் தகுதி பெற்றார். பிறகு பந்து அவரை இழுத்துக்கொண்டது. எம்.டி.கே. கழகத்தின் நடுக்கள வீரராக ஹங்கேரியச் சம்பியன் பட்டம் வென்ற அணியில் ஆடினார். அந்தக் காலத்திலேயே அவரைச் சுற்றியிருந்த நாடு மாறத் தொடங்கிவிட்டது. நாட்டை ஆண்ட ஹோர்தியின் அரசு 1920இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களுக்கு அளவு குறித்தார்கள். பல்கலைக்கழக அனுமதியில் இன விகிதம் பார்ப்பது ஒரு வீட்டுப் பிள்ளையின் மனதில் என்ன செய்யும் என்று இந்த நாட்டில் எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. தெருவில் அடியும் உதையும் வேறு. குட்மன் வியன்னாவுக்குப் போய் ஹகோவா கழகத்தில் சேர்ந்தார்.

1909இல் யூதர்கள் தொடங்கிய கழகம் ஹகோவா. மற்றக் கழகங்களின் கதவுகள் திறக்காத பிள்ளைகளுக்கு அது வாசலாக இருந்தது. 1923இல் லண்டனுக்குப் போய் வெஸ்ட் ஹாம் அணியை 5–0 என்று வென்றது. 1924–25 பருவத்தில் ஆஸ்திரியச் சம்பியன் ஆனது. 1926இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது நியூயோர்க்கில் ஒரே போட்டியைப் பார்க்க 46,000 பேர் திரண்டார்கள்.

இடையில் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹங்கேரி அணியில் இருந்தார் குட்மன். அந்தக் கதையை நமது கழகச் செயலாளர்கள் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். வீரர்களை விட அதிகாரிகள் அதிகமாகப் போயிருந்தார்கள். வீரர்கள் தங்கவைக்கப்பட்ட விடுதி, இரவு முழுதும் கூத்தும் கும்மாளமுமாக இருக்கும் இடத்தில், தூங்க முடியாது, எலித் தொல்லை. குட்மன் செத்த எலிகளைப் பிடித்து அதிகாரிகளின் அறைக் கதவுகளில் தொங்கவிட்டார் என்று சொல்வார்கள். அந்த ஹங்கேரி அணி எகிப்திடம் 3–0 என்று தோற்று வீட்டுக்குப் போனது. குட்மனை அதன் பின் தேசிய அணிக்கு எவரும் கூப்பிடவில்லை. ஆடுகிறவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் நிர்வாகிகள் சொகுசாக இருப்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. இருபத்தைந்து வயதிலும் அதுதான், அறுபத்து மூன்று வயதிலும் அதுதான்.

அமெரிக்காவில் தங்கி ஆடினார். நன்றாகச் சம்பாதித்தார். 1929இல் பங்குச் சந்தை சரிந்தபோது சேர்த்ததெல்லாம் போயிற்று. 1932இல் வியன்னாவுக்குத் திரும்பி, ஹகோவாவிலும் பிறகு நெதர்லாந்தின் என்ஸ்கெடேயிலும் பயிற்றுவிப்பாளராக வேலை பழகினார். மறுபடியும் ஹகோவாவுக்கு வந்திருந்த நேரத்தில், 1938 மார்ச்சில், ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஹகோவாவைக் கலைத்தார்கள், மைதானத்தைப் பறித்தார்கள், அந்தப் பருவத்தில் அது ஆடிய போட்டிகளின் முடிவுகளைக்கூட அழித்தார்கள். ஒரு கழகம் ஆடியதே இல்லை என்று ஆக்குவதற்குப் பதிவேட்டைத் திருத்தினார்கள். குட்மன் புடாபெஸ்டுக்கு ஓடினார். அங்கேயும் அதே 1938இல் ‘முதலாம் யூதச் சட்டம்’ எனப்பட்டது வந்தது, 1939இல் இரண்டாவது. அந்தச் சட்டங்களின் நெருக்கடிக்குள்ளேயே உய்பெஸ்ட் அணியை ஹங்கேரியச் சம்பியன் ஆக்கினார். அந்தக் கோடையில் மத்திய ஐரோப்பிய நாடுகளின் மித்ரோபா கிண்ணத்தையும் வென்று கொடுத்தார். அதன் பிறகு நாட்டில் அவருக்கு வேலை இல்லை.

அந்த 1924 ஒலிம்பிக் அணியில் இன்னொரு யூத வீரர் இருந்தார்: ஆர்பாட் வைஸ். அவரைச் சொல்லாமல் குட்மனின் கதையைச் சொல்வது முறையில்லை. வைஸ் இத்தாலிக்குப் போய் 1930இல் இன்டர் மிலானையும், 1936, 1937இல் பொலோன்யாவையும் இத்தாலியச் சம்பியன் ஆக்கினார். 1938இல் முசோலினி இனச் சட்டங்களைக் கொண்டுவந்தார். மூன்று பட்டங்கள் வென்று கொடுத்த மனிதர் மனைவியையும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாரிசுக்கும், அங்கிருந்து நெதர்லாந்தின் டோர்ட்ரெக்டுக்கும் போனார். அங்கே ஒரு சிறிய அணியைப் பெரிய அணிகள் அஞ்சும்படி ஆடவைத்தார். 1942இல் பிடித்துக்கொண்டு போனார்கள். மனைவி எலேனா, பிள்ளைகள் ரொபர்ட்டோ, கிளாரா மூவரும் அந்த ஒக்டோபரில் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். வைஸ் 1944 ஜனவரி 31இல் அதே முகாமில் இறந்தார். ஒரே சட்டை அணிந்து ஒரே அணியில் இருந்த இரண்டு பேர். ஒருவர் பிழைத்ததற்கும் ஒருவர் பிழைக்காததற்கும் திறமை காரணமில்லை, புத்திசாலித்தனம் காரணமில்லை. எந்தக் கதவு எந்த நேரத்தில் திறந்தது என்பதுதான்.

சில கதவுகள் இலங்கைப் பக்கமும் திறந்தன. குட்மனின் ஊரான புடாபெஸ்டிலிருந்து எடித் ஜோம்ரோய் என்ற யூத உளப்பகுப்பாய்வாளர் 1938இல் கொழும்புக்கு வந்து சேர்ந்தார். பின்னர் ஆங்கிலப் பேராசிரியர் லுடோவைக்கை மணந்தார். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, தொடந்துவையில் பௌத்த துறவியான ஞானபோனிக தேரர் 1939இல் தன் தாயை இங்கே வரவழைத்துக்கொண்டார். யுத்தம் தொடங்கியதும் பிரித்தானிய அரசு அவரை ஜெர்மன் குடிமகன் என்று தியத்தலாவை முகாமில் அடைத்தது. ஜெர்மனி யூதனென்று துரத்துகிறது, பிரித்தானியா ஜெர்மானியனென்று அடைக்கிறது. அவர் பின்னாளில் கண்டியில் வாழ்ந்து 1994இல் காலமானார். அந்த யுத்தத்தை எங்கோ வெள்ளைக்காரன் ஊரில் நடந்தது என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். தியத்தலாவை இங்கிருந்து எவ்வளவு தூரம்?

குட்மனுக்குத் திறந்த கதவு மனைவி வீட்டுக் கதவு. மனைவி மரியான் யூதர் அல்லர். 1944 மார்ச் 19இல் ஜெர்மன் படை ஹங்கேரியைக் கைப்பற்றியது. மே நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் தாண்டும் வரை, எட்டு வாரங்களுக்குள், நான்கு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலில் ஏற்றினார்கள். பெரும்பாலானோர் போன இடம் அவுஷ்விட்ஸ். அந்த நாட்களில் மரியானின் சகோதரர் தன் மச்சானை உய்பெஸ்டில் தன் சிகை அலங்காரக் கடையின் முகட்டறையில் ஒளித்து வைத்தார். கீழே கடைக்கு யார் யாரோ வந்து போவார்கள். மேலே, அந்த நகரமே கைதட்டிக் கொண்டாடிய பயிற்றுவிப்பாளர். ஐந்து வருடத்துக்கு முன்பு அவர் கிண்ணம் வென்று கொடுத்தது இதே உய்பெஸ்டுக்குத்தான். அந்த ஊரின் யூதர்கள் ஏற்றிச் செல்லப்பட்டபோது அவர் அந்த முகட்டின் கீழ் இருந்தார்.

ஒளித்து வைத்த அந்த மச்சானைப் பற்றி உதைபந்தாட்ட வரலாற்றில் எவரும் பெரிதாக எழுதவில்லை. பிடிபட்டிருந்தால் அவருக்கும் உயிர் மிஞ்சாது. கலவர நாட்களில் பக்கத்து ஊராரைத் தன் வீட்டு உள்ளறையில் வைத்து, வாசலில் வந்து நின்றவர்களிடம் இங்கே ஒருவரும் இல்லை என்று சொன்ன தமிழ்த் தாய்மாரும் முஸ்லிம் தாய்மாரும் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மச்சானின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று தெரியும்.

பிறகு குட்மன் கட்டாய உழைப்பு முகாமொன்றில் சிக்கினார். அங்கே அவரோடு இருந்தவர் எர்னோ எர்ப்ஸ்டைன். இத்தாலியில் டொரினோ அணியைப் பயிற்றுவித்து, இனச் சட்டத்தால் துரத்தப்பட்டவர். ஒரே முகாமில் ஐரோப்பாவின் இரண்டு பெரிய உதைபந்தாட்ட மூளைகள். 1944 டிசம்பரில், தங்களை ஜெர்மனிப் பக்கம் அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்த நேரத்தில், இருவரும் வேறு சிலரோடு ஜன்னல் வழியே குதித்துத் தப்பினார்கள். எர்ப்ஸ்டைன் யுத்தத்துக்குப் பிறகு டொரினோவுக்குத் திரும்பி இத்தாலியே வியந்த அணியை உருவாக்கினார். 1949 மே 4இல் அந்த அணியை ஏறக்குறைய முழுவதுமாக ஏற்றிவந்த விமானம் சுப்பெர்கா குன்றில் மோதியது. முகாமிலிருந்து தப்பிய எர்ப்ஸ்டைனும் அதில் இருந்தார்.

குட்மன் வெளியே வந்தபோது தகப்பன் இல்லை, சகோதரி இல்லை, உறவில் பலர் இல்லை. அவுஷ்விட்ஸ் அவர்களை விழுங்கியிருந்தது. கப்று இல்லை. போய் நிற்க ஒரு மையவாடி இல்லை. வாப்பாவின் ஜனாஸாவைத் தூக்க முடியாத மகனின் நிலையை விளக்க எனக்குச் சொல் தேவையில்லை. கொரோனாக் காலத்தில், 2020 வசந்தத்திலிருந்து 2021 பெப்ரவரி வரை, நம் மையத்துகள் எரிக்கப்பட்டதையும், பிறகு ஓட்டமாவடிக்குக் கொண்டுபோய் அடக்க வேண்டியிருந்ததையும் பார்த்தவர்கள் நாம். சுனாமி எடுத்துக்கொண்ட பிள்ளைகளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத உம்மாமார் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும். இந்தத் துயரங்கள் ஒன்றல்ல, ஒன்றாக்கவும் கூடாது. ஆனால் அடக்கம் செய்ய முடியாத துக்கம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதில் நமக்கு அறிமுகம் உண்டு.

அவர் பேசவில்லை. அதன் பின் 36 ஆண்டுகள் வாழ்ந்தார், எத்தனையோ நாடுகளில் எத்தனையோ பத்திரிகையாளர்களுக்குப் பேட்டி கொடுத்தார், அந்த முகட்டறையைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை. யுத்த காலத்தை அவர் சுவிற்சர்லாந்தில் பத்திரமாகக் கழித்தார் என்றுகூடப் பலர் எழுதிவந்தார்கள். டேவிட் பொல்சோவர் என்ற ஆங்கில எழுத்தாளர் 2017இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூல்தான் உண்மையைத் தோண்டி எடுத்து உலகத்தின் முன் வைத்தது. அவரது மௌனத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை. சுனாமியில் நம் அம்பாறை மாவட்டம் இழந்த அளவுக்கு உயிர்களை நாட்டில் வேறெந்த மாவட்டமும் இழக்கவில்லை. அந்த அனுபவத்தை இன்றுவரை வாய் திறந்து சொல்லாத ஆட்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கடலுக்குப் போனார்கள், தறியில் உட்கார்ந்தார்கள், கடையைத் திறந்தார்கள். குட்மன் மைதானத்துக்குப் போனார்.

1945இலேயே புடாபெஸ்டில் வாஷாஷ் அணியில் வேலை தொடங்கினார். மறு ஆண்டு ருமேனியாவின் புக்கரெஸ்டில் சியோகனுல் என்ற யூதர் கழகம். பணத்துக்கு மதிப்பில்லாத காலம். சம்பளத்தை உணவுப் பொருளாகத் தரும்படி கேட்டு வாங்கினார். 1947இல் உய்பெஸ்டை மீண்டும் சம்பியன் ஆக்கினார். அடுத்தது கிஷ்பெஸ்ட். அங்கே இளம் நட்சத்திரம் ஃபெரென்ஸ் புஷ்காஷ். ஒரு போட்டியில் முரட்டுத்தனமாக ஆடிய பின்கள வீரரை இடைவேளைக்குப் பிறகு மைதானத்துக்குள் போக வேண்டாம் என்றார் குட்மன். புஷ்காஷ் போகச் சொன்னார். அந்த வீரர் புஷ்காஷ் சொன்னதைக் கேட்டார். குட்மன் பார்வையாளர் பகுதியில் போய் உட்கார்ந்துவிட்டு, போட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போனார். திரும்பவே இல்லை.

இத்தாலி, ஆர்ஜன்டீனா, சைப்பிரஸ் என்று அலைந்து 1953இல் ஏ.சி. மிலானுக்கு வந்தார். 1955இல் அட்டவணையில் அணி முதலிடத்தில் இருக்கும்போதே அவரை நீக்கினார்கள். முதலிடத்தில் இருக்கும் அணியின் பயிற்றுவிப்பாளரை நீக்கக் கூடாது என்ற நிபந்தனையை அதன் பின் தன் ஒப்பந்தங்களில் எழுதச் சொன்னார் என்பார்கள். அடுத்து சாவோ பாவுலோ, 1957இல் மாநிலச் சம்பியன். பிறகு போர்த்துகலின் போர்ட்டோ, 1959இல் சம்பியன். உடனே போட்டிக் கழகமான பென்ஃபிகா. 1960இலும் 1961இலும் சம்பியன்.

லிஸ்பனில் ஒரு சிகை அலங்காரக் கடையில், பிரேசிலின் பழைய வீரரான பவுவர், மொசாம்பிக்கில் தான் பார்த்த ஓர் இளைஞனைப் பற்றி அவரிடம் சொன்னார். அந்த இளைஞன் யூசேபியோ. ஒரு சிகை அலங்காரக் கடை அவர் உயிரைக் காத்தது, இன்னொன்று அவருக்கு யூசேபியோவைக் கொடுத்தது. குட்மன் தாமதிக்கவில்லை, 1960 முடிவதற்குள் யூசேபியோ லிஸ்பனில் இருந்தார். 1961 மே 31இல் பேர்ன் நகரில் பார்சிலோனாவை 3–2 என்று வென்று பென்ஃபிகா ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தது. அடுத்த ஆண்டு மே 2இல், ஆம்ஸ்டர்டாமில், எதிரே ரியல் மட்ரிட். அந்த அணியில் புஷ்காஷ். அவர் மூன்று கோல் அடித்தார். ஆனாலும் பென்ஃபிகா 5–3 என்று வென்றது. யூசேபியோ இரண்டு அடித்தார். கிஷ்பெஸ்டில் அன்று பயிற்றுவிப்பாளரின் சொல்லை மீறவைத்த அதே மனிதருக்கு எதிராகக் குட்மன் ஐரோப்பாவின் உச்சியில் நின்றார். நாஜிகள் கொல்லத் தேடிய ஒருவர், அவர்களின் வீழ்ச்சிக்குப் பதினேழு வருடத்தில்.

இந்த இடத்தில்தான் அவர் பணம் கேட்டார். பேராசைக்காரன் என்றார்கள். யூதனும் பணமும் என்ற பழைய விஷம் அந்தப் பேச்சில் கலந்திருந்தது. முஸ்லிம் வியாபாரியைப் பற்றி இந்நாட்டில் சொல்லப்படும் கதைகளைக் கேட்டவர்களுக்கு அதன் வாடை தெரியும். நான் அந்த மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்க்கச் சொல்கிறேன். 1929இல் சேமிப்பு போயிற்று. 1938இல் வியன்னா போயிற்று. 1939இல் பட்டம் வென்ற கையோடு தொழில் போயிற்று. 1944இல் குடும்பம் போயிற்று. 1955இல் முதலிடத்தில் இருந்தபடியே வேலை போயிற்று. கைதட்டும் கூட்டம் முகட்டறைக்குச் சோறு கொண்டு வராது என்பதை உடம்பால் அறிந்த மனிதர். அறுபத்து மூன்று வயதில், கழகத்துக்குக் கிடைத்ததில் தன் பங்கை எழுத்தில் தாருங்கள் என்று அவர் கேட்டதில் எனக்குப் பேராசை தெரியவில்லை. கொடுக்க வசதியிருந்தும் கொடுக்காதவர்கள் பிற்பாடு தோற்றபோது, அந்தத் தோல்விக்குச் சாபம் என்று ஒரு காரணம் கிடைத்தது. பழி மறுபடியும் கூலி கேட்டவன் மேலேயே விழுந்தது. 2014இல் பென்ஃபிகா மைதானத்தில் இரண்டு கிண்ணங்களையும் ஏந்தியபடி அவருக்குச் சிலை வைத்தார்கள். சாபம் தீரட்டும் என்று வைத்ததாகவே பத்திரிகைகள் எழுதின. அவர் 1981 ஓகஸ்ட் 28இல் வியன்னாவில் இறந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து.

இப்போது நமது கழகங்களுக்கு வருகிறேன். வியர்வை உலரும் முன் கூலி கொடுக்க வேண்டும் என்ற போதனையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை, பின்னேரம் நாலு மணிக்கு மைதானத்துக்கு வந்து, மஃரிபு பாங்கு சொல்லும் வரை பிள்ளைகளை ஓடவைக்கும் பயிற்றுவிப்பாளர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? பொன்னாடை போர்த்துகிறோம். வென்றால் தோளில் தூக்குகிறோம். தோற்றால் அடுத்த கூட்டத்தில் ஆளை மாற்றுகிறோம். அவருக்கு ஒரு கடதாசி இல்லை, கொடுப்பனவு இல்லை, விபத்து நேர்ந்தால் கேட்க ஆளில்லை. சேவை மனப்பான்மை என்ற அழகான சொல்லால் அதை மூடி வைத்திருக்கிறோம். அவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

இந்த அறக்கட்டளையின் நிர்வாகிகளிடமும், இங்கே வந்திருக்கும் கழகத் தலைவர்களிடமும் என் வேண்டுகோள் இது. அடுத்த பருவம் தொடங்கும் முன் உங்கள் பயிற்றுவிப்பாளரோடு உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். மாதம் எவ்வளவு, எந்தத் திகதியில், கிண்ணம் வென்றால் எவ்வளவு, நீக்குவதென்றால் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்பது அதில் இருக்கட்டும். தொகை உங்கள் வசதிக்கேற்ப இருக்கட்டும். முடியாத கழகங்களுக்கு முதல் ஆண்டுக் கொடுப்பனவில் ஒரு பகுதியை இந்த அறக்கட்டளை ஏற்க முடியுமா என்று நிர்வாகக் குழு ஆராய வேண்டும். இன்றைய சொற்பொழிவுக்காக எனக்குத் தருவதாகச் சொன்ன மதிப்பூதியத்தை அந்தக் கணக்கில் முதலாவதாகச் சேர்த்துக்கொள்ளும்படி தலைவரிடம் ஏற்கனவே சொல்லிவிட்டேன்.